வடகடலில் ஒரு கயாக் சவாரி: "சின்னப் பசங்கதான், அதனாலதான்"

இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் செல்லும் நெடுஞ்சாலையில் உச்சிப்புளியைத் தாண்டி, மண்டபம் வருவதற்கு முன்பாக இடப்புறம் பிரியும் மண்பாதை ஒன்றில் பனைமரங்களுக்கு நடுவே சற்று உள்ளே சென்றால், மீனவக் குடும்பம் ஒன்று நடத்திவரும் கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் சிறு படகு) சவாரி நிலையம் இருக்கிறது. ஆகஸ்ட் மாதம் சுதந்திர தினத்தை ஒட்டி வந்த விடுமுறையில் என் அண்ணன் மகனையும் அவனுடைய நண்பர்கள் நால்வரையும் அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். ஐவரும் பரமக்குடியில் பன்னிரண்டாம் வகுப்புப் படிப்பவர்கள். பதினாறு முடிந்து பதினேழு நடக்கிறது. நான் வேறொரு ஊரில் மேல்நிலைப் பள்ளி ஆசிரியை. குறைகளையும் எழுதவிருப்பதால் நிலையத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. பிள்ளைகளைக் கடலுக்கு அழைத்துச் செல்ல நினைக்கும் பெற்றோர் எந்த நிலையத்துக்குப் போனாலும் என்ன கேட்க வேண்டும், எதைக் கேட்காமல் இருந்தால் நல்லது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கேட்காமல் இருந்திருக்க வேண்டிய ஒன்றை நான் கேட்டேன். அதன் விளைவு பின்னால் வருகிறது.

முதலில் இடத்தைப் பற்றி. இந்தக் கரையில் பாக் நீரிணைப் பக்கத்தை வடகடல் என்றும், மன்னார் வளைகுடாப் பக்கத்தைத் தென்கடல் என்றும் சொல்வார்கள். வாடைக்காலத்தில் வடகடல் கொந்தளிக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும் மாதங்களில் வடகடலின் கரையோரம் குளத்து நீரைப்போல அடங்கிக் கிடக்கும். பார்ப்பவருக்கு அது பயமற்ற கடலாகத் தோன்றும். ஆனால் கச்சான் கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. துடுப்பைப் போடாமல் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தால் கயாக் தானாகவே உள்கடலை நோக்கி நகர்ந்துவிடும். திரும்பும்போது காற்றுக்கு எதிரே துடுப்புப் போட வேண்டும். அதனால்தான் காலை ஆறரைக்கு இறங்கி ஒன்பதரைக்குள் எல்லோரையும் கரையேற்றிவிடுகிறார்கள். பத்து மணிக்கு வந்து இறங்கியவர்கள் கெஞ்சியும் படகு தரவில்லை. பணம் வருகிறதே என்று மயங்காத அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

ஒற்றை ஆள் கயாக் மணிக்கு 500 ரூபாய், இருவர் அமர்வது 800 ரூபாய். இறங்குவதற்கு முன் இடுப்பளவுத் தண்ணீரில் அரை மணி நேரப் பயிற்சி உண்டு. அதில் துடுப்புப் பிடிக்கக் கற்றுத்தருவது ஐந்து நிமிடந்தான். மீதி நேரம் முழுவதும் கயாக்கை வேண்டுமென்றே கவிழ்த்து, நீரில் விழுந்து, மறுபடியும் ஏறத் தெரிகிறதா என்று ஒவ்வொருவரையும் சோதிக்கிறார்கள். ஏறத் தெரியாதவருக்கு ஆழத்துக்குப் போக அனுமதி இல்லை. நாற்பத்தாறு வயதில் மூன்று முறை விழுந்து நான்காவது முறை ஏறினேன். பையன்கள் சிரித்தார்கள். வழிகாட்டியாக வந்த இளைஞர் சிரிக்கவில்லை. "முழங்காலை முதல்ல வைக்காதீங்க டீச்சர், வயித்தை முதல்ல போடுங்க" என்று மட்டும் சொன்னார். அவருக்குப் பத்தொன்பது வயது. நிலையத்தை நடத்துபவர் அவருடைய தாய்மாமன். விசைப்படகு ஓட்டி ஓய்ந்தவர், கரையில் நாற்காலியில் அமர்ந்து கண்ணுக்குக் கையை மறைத்துக்கொண்டு எல்லாரையும் எண்ணிக்கொண்டே இருந்தார்.

பயிற்சி முடிந்ததும் அந்த இளைஞர் பையன்களைப் பிரித்தார். ஐவருக்கும் தனித்தனி ஒற்றைக் கயாக். இரண்டு பையன்களுக்கு நடுவே நான், அடுத்த இருவருக்கு நடுவே மதுரையிலிருந்து வந்திருந்த ஒரு தம்பதி, கடைசிப் பையன் வழிகாட்டியின் பக்கத்தில். பையன்களின் முகம் சுருங்கியது. "நாங்க ஃப்ரெண்ட்ஸ் அத்தை, சேர்ந்து போகத்தானே வந்தோம்" என்றான் என் அண்ணன் மகன். நான் போய்ப் பரிந்து பேசினேன். பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள், இருவர் இருவராக அனுப்பக்கூடாதா என்று கேட்டேன். அவர் மாமாவைத் திரும்பிப் பார்த்தார். மாமா என் கையில் இருந்த பணத்தைப் பார்த்தார் என்று சொன்னால் அது அநியாயம். என் ஆசிரியை வேலையைப் பார்த்தார் என்பதே சரி. "டீச்சரே கேக்குறாங்க, குடு" என்றார். இரண்டு இரட்டைக் கயாக்குகளும் ஓர் ஒற்றையும் வந்தன. நான் கேட்காமல் இருந்திருக்க வேண்டியது இதுதான்.

பிரித்து அமர்த்துவது அந்த இளைஞருக்கு அனுபவம் கற்றுத்தந்த முறை. இதையே ஆய்வாகச் செய்து பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்க உளவியலாளர்களான மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டீன்பர்க்கும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் பல வயதினருக்குக் கொடுத்தார்கள். தனியாக ஆடியவர்களையும் நண்பர்களுடன் சேர்ந்து ஆடியவர்களையும் ஒப்பிட்டபோது, 13 முதல் 16 வயது வரையிலானவர்கள் நண்பர்கள் பக்கத்தில் இருந்தால் அதிக ஆபத்தை ஏற்றார்கள். 24 வயதைக் கடந்தவர்களிடம் அந்த வேறுபாடு பெரிதாக இல்லை. இந்த வயதில் பாராட்டுக்கும் பரவசத்துக்கும் துள்ளும் பகுதி மூளையில் முன்னதாகவே விழித்துக்கொள்கிறது, "பொறு" என்று சொல்லும் முன்மூளைப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது என்பது இப்போது பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. ஆசிரியர் பயிற்சி வகுப்பு ஒன்றில் இதை நானே மற்றவர்களுக்கு விளக்கியிருக்கிறேன். கரையில் நின்றபோது நினைவுக்கு வரவில்லை.

முதல் அரை மணி நேரம் சொல்லக் குறையொன்றும் இல்லை. தண்ணீர் அவ்வளவு தெளிவு. அடியில் கடல்தாழை ஒரே திசையில் சாய்ந்து அசைவது தெரிந்தது. கடற்பசு மேயும் புல் இதுதான் என்று அந்த இளைஞர் காட்டினார். சற்றுத் தொலைவில் வெள்ளைத் தெர்மக்கோல் துண்டுகளும் காலி பாட்டில்களும் மிதக்கும் ஒரு பரப்பு வந்தது. கப்பாபைகஸ் என்னும் கடற்பாசியை வளர்க்கும் மூங்கில் மிதவைகள். பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி மூங்கில் சட்டம், குறுக்கே வரிசையாகக் கயிறுகள், ஒவ்வொரு கயிற்றிலும் சாணுக்குள் ஒன்றாகக் கட்டப்பட்ட பாசித் துண்டுகள், மீன் தின்றுவிடாமலும் அறுந்தது போய்விடாமலும் கீழே ஒரு வலை. நட்டதிலிருந்து 45 நாளில் அறுவடை. நெஞ்சளவுத் தண்ணீரில் நான்கைந்து பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். மிதவைகளிலிருந்து விலகியே வரவேண்டும் என்று அவர் விசிலூதிக் கையால் காட்டிவிட்டுத் தம்பதியின் கயாக்கைத் திருப்ப முன்னே போனார்.

அந்த இடைவெளியில் நடந்தது இரண்டு நிமிடத்துக்குமேல் இராது. ஒரு இரட்டைக் கயாக்கில் இருந்த இருவரும் லைஃப் ஜாக்கெட்டின் கொக்கிகளைக் கழற்றினார்கள். வீடியோவில் ஜாக்கெட் நன்றாக இராது என்பது காரணம் என்று பிறகு தெரிந்தது. ஒருவன் கயாக்கின் மேல் எழுந்து நின்றான். இன்னொரு கயாக்கில் இருந்தவன் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தான். நின்றவன் அங்கிருந்து மிதவையின் மேல் குதித்தான். ஒரு மூலைக் கட்டு அவிழ்ந்து மூங்கில் விலக, மூன்று கயிறுகள் தளர்ந்து பாசி கொத்துக் கொத்தாக வலையில் விழுந்தது. அவன் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், நால்வரும் சிரித்தார்கள். என் அண்ணன் மகன்தான் கைப்பேசியைப் பிடித்திருந்தவன். அதை மறைத்து எழுதினால் இந்த மதிப்புரைக்குப் பொருளில்லை.

எல்லோரையும் கரைக்கு இழுத்து வந்தார்கள். அந்த இளைஞர் கத்தவில்லை. ஜாக்கெட்டுகளை வாங்கிக் கொடியில் போட்டார், கயாக்குகளைக் கவிழ்த்து வைத்தார், "இன்னைக்கு உங்களுக்கு அவ்வளவுதான்" என்றார். இன்னும் நாற்பது நிமிடம் பாக்கி இருந்தது. நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இதைப் படிப்பவர்களில் பிள்ளை பெற்றவர்கள் எல்லாருக்கும் தெரியும். "சின்னப் பசங்க தம்பி, விளையாட்டுப் புத்தி, இந்த ஒரு தடவை விட்டுடுங்க."

"சின்னப் பசங்கதான் டீச்சர். அதனாலதான் ஜாக்கெட்டைக் கழட்டக் கூடாதுன்னு சொன்னேன். பெரிய ஆளா இருந்தா சொல்லவே வேண்டியதில்லையே."

இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிள்ளைகளோடு இருப்பவளுக்கு இதற்குப் பதில் கிடைக்கவில்லை. நான் வயதைக் காரணமாகக் காட்டி விதியிலிருந்து விலக்குக் கேட்டேன். அந்த விதி போடப்பட்டதே அந்த வயதுக்காகத்தான் என்று அவர் சொன்னார். பக்குவம் இல்லை என்பதால் ஒருவனுக்கு அதிகக் காவல் வேண்டும் என்பது நியாயம். பக்குவம் இல்லை என்பதால் அவன் செய்தது செய்யாததாகிவிடும் என்று நான் கேட்டது என்ன நியாயம்? ஆசிரியர் அறையில் எங்களுக்குள் வழங்கும் சொற்கள் எல்லாம் இந்த இரண்டாவது வகைதான். வயசுக் கோளாறு, ரெண்டுங்கெட்டான் வயசு, இளங்கன்று பயமறியாது. பயமறியாத கன்று என்பதால்தான் அதைக் கயிற்றில் கட்டுகிறோம் என்பதை அந்தப் பழமொழியைச் சொல்லும்போது யாரும் நினைப்பதில்லை.

அதன்பின் அவர் செய்ததுதான் என்னை இதை எழுத வைத்தது. ஐவரையும் அழைத்துக்கொண்டு மிதவைக்குச் சொந்தக்காரரான பெண்ணிடம் போனார். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். இடுப்புவரை நனைந்த சேலையோடு கரையேறி வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "இன்னும் பத்து நாளில் அறுக்க வேண்டியது" என்று மட்டும் சொன்னார். நான் பணப்பையைத் திறந்தேன். "உங்க காசு எதுக்கு டீச்சர்?" என்று அந்த இளைஞர் தடுத்தார். அந்த அம்மாள் யோசித்துவிட்டு, வலையில் விழுந்ததை அள்ளி வந்து கட்டித் தரட்டும், அந்த மிதவையை மட்டும் ஒரு மாதம் தள்ளி அறுத்துக்கொள்கிறேன் என்றார்.

பனையோலைக் கொட்டகையின் கீழே கயிறு கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. கயிற்றில் இடைவெளி விட்டுச் சிறு நைலான் முடிச்சுகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடிப் பாசித் துண்டை நசுக்காமல், நழுவாமல் கட்ட வேண்டும். இறுக்கினால் தண்டு அறுந்து அழுகிவிடும், தளர்த்தினால் முதல் அலையிலேயே போய்விடும். பார்க்க எளிதாக இருக்கும். பையன்கள் ஒரு கயிற்றை முடிக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் பக்கத்தில் இருந்த அந்த அம்மாளின் மகள் நான்கு கயிறுகளை முடித்தாள். அவளும் பன்னிரண்டாம் வகுப்புதான். விடுமுறையில் உதவிக்கு வந்திருந்தாள். வேலை செய்துகொண்டே பையன் ஒருவனின் முடிச்சை எட்டிப் பார்த்து, அவிழ்த்து, ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்தாள்.

அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. நம் பேச்சில் பதின்மூன்று வயதுப் பெண் "பெரிய மனுஷி" ஆகிவிடுகிறாள். அந்த நாளிலிருந்து எப்படி உட்கார வேண்டும், எவ்வளவு சத்தமாகச் சிரிக்க வேண்டும், எத்தனை மணிக்கு வீடு திரும்ப வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதத் தொடங்கிவிடுகிறோம். பதினேழு வயதுப் பையனோ இன்னும் "சின்னப் பையன்". ஒரே வீட்டில், ஒரே சோற்றுப்பானையில் சாப்பிடும் அக்காளும் தம்பியும் இரண்டு வெவ்வேறு வயதுக் கணக்கில் வளர்கிறார்கள். இளமை என்பது மன்னிப்புக்குரிய காரணம் என்றால், அது இவ்வளவு ஆள் பார்த்தா வேலை செய்யும்? எங்கள் பள்ளியில் மாணவி ஒருத்தி சுவரேறிக் குதித்திருந்தால் வயசுக் கோளாறு என்று சிரித்திருப்போமா என்று கேட்டுப் பார்த்தேன். விடை எனக்குத் தெரியும்.

ஐவரில் நால்வர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கட்டினார்கள். மிதவையின் மேல் குதித்தவன் மட்டும் கொட்டகைக் காலில் சாய்ந்து, நகத்தைப் பார்த்துக்கொண்டே ஒப்புக்கு ஒரு கயிற்றைத் தொட்டுக்கொண்டிருந்தான். அவனை யாரும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்க வேண்டுமா என்பது எனக்கு இன்னும் குழப்பம். அன்றிரவே அந்த வீடியோவை இசை சேர்த்து இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டான். கயிறு கட்டிய பகுதி அதில் இல்லை.

வேலை முடிந்ததும் அந்த இளைஞரின் அம்மா இட்லியும் சூடை மீன் குழம்பும் போட்டார்கள். ஆளுக்கு 90 ரூபாய். குழம்பில் புளி சற்று தூக்கலாக இருந்தது, எனக்கு அதுதான் பிடிக்கும். கருப்பட்டிக் காப்பிக்கு எத்தனை மதிப்பெண் வேண்டுமானாலும் போடலாம். சாப்பிடும்போது பையன்கள் அந்த இளைஞரிடம் பேச்சுக் கொடுத்தார்கள். பதினைந்து வயதில் பெரியப்பாவின் வள்ளத்தில் ஏறியவராம். முதல் நாள் இரவு தூங்கிவிட்டதற்காக அடுத்த ஒரு வாரம் ஏற்றவில்லையாம். அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை, ஏற்றவில்லை அவ்வளவுதான். அதை அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. நம்பி ஏற்றினார்கள், தூங்கினேன், இறக்கினார்கள், பிறகு மறுபடி ஏற்றினார்கள் என்று ஏதோ வழித்தடம் சொல்வதைப்போலச் சொன்னார். பதினைந்து வயதில் மீன்பிடிக்கப் போவதை நான் நியாயப்படுத்தவில்லை. அந்த வயதில் அவர் பள்ளியில் இருந்திருக்க வேண்டும். ஆனால் தவறுக்கும் அதன் விளைவுக்கும் நடுவே பெரியவர்கள் யாரும் புகுந்து மறைக்காத ஒரு வளர்ப்பு அவருக்குக் கிடைத்திருக்கிறது. எங்கள் பையன்களுக்கு அது கிடைக்கவில்லை. கிடைக்காமல் பார்த்துக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி.

மறுநாள் காலை குதித்த பையனின் தாயார் தொலைபேசியில் அழைத்தார். காசு கொடுத்துப் போன பிள்ளையைக் கூலி வேலை செய்ய வைத்தது எந்த ஊர் நியாயம் என்பது அவர் கேள்வி. "அவன் மைனர் டீச்சர், கேஸ் போட்டா அவங்கதான் உள்ள போவாங்க" என்றும் சொன்னார். மற்ற நால்வருடன் சேர்த்து அவனையும் அமர வைத்த காட்சியை எண்ணிப் பார்த்து, அவர் சொல்வதில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டேன். பெற்றோரைக் கேட்காமல் அப்படி ஒரு முடிவுக்கு நான் தலையாட்டியிருக்கக் கூடாது. ஆனால் மைனர் என்ற சொல்லை அவர் பயன்படுத்திய விதத்தில் சட்டம் அதைப் பயன்படுத்தவில்லை.

1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்திலிருந்து, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா வரை இந்த விதி மாறவில்லை. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை செய்வது எதுவும் குற்றமாகாது. ஏழுக்கு மேல் பன்னிரண்டுக்குள் இருக்கும் குழந்தை, தான் செய்வதன் தன்மையையும் விளைவையும் உணரும் பக்குவம் அடையவில்லை என்றால் குற்றமாகாது. பக்குவமின்மை என்ற காரணம் அங்கேயே முடிந்துவிடுகிறது. பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வரை செயல் தவறுதான். அந்தப் பிள்ளையைக் கையாளும் விதம் வேறு, அவ்வளவே. சிறைக்குப் பதில் இளைஞர் நீதிக் குழுமம், தண்டனைக்குப் பதில் சீர்திருத்தம். மிகக் கொடிய குற்றமாக இருந்தால் பதினாறு நிரம்பியவர்களைப் பெரியவர்களாக விசாரிக்கலாமா என்று ஆராயவும் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் வழி வைத்திருக்கிறது. பாசிக் கயிற்றுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். வக்கீல் கறுப்புக் கோட்டுப் போட்டுச் சொல்வதைத்தான் அந்தப் பத்தொன்பது வயது இளைஞர் கைலியும் டீசர்ட்டுமாக நின்று செய்துகாட்டினார். தவறு என்றார், அடிக்கவில்லை, சரிசெய்ய வழி காட்டினார்.

கயாக் சவாரி போன அன்று மாலையே இன்னொன்றும் நடந்திருந்தது. அரியமான் கடற்கரைக்கு ஒரு சுற்று போய்வருகிறோம், உங்கள் ஸ்கூட்டர் சாவியைக் கொடுங்கள் என்று என் அண்ணன் மகன் கேட்டான். காலையில் நடந்ததற்குப் பிறகும் என் கை கைப்பையை நோக்கிப் போனது. பழக்கம்! 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி, பதினெட்டு நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டுவரை சிறையும் சந்திக்க வேண்டும். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும், அந்தப் பிள்ளை இருபத்தைந்து வயதுவரை உரிமம் பெற முடியாது. பிள்ளையின் பக்குவமின்மைக்குச் சாவி கொடுத்த கைக்குத்தான் முதல் கேள்வி. காலையில் இரட்டைக் கயாக் வாங்கித் தந்த கையும் அதே கைதான் என்பது அப்போது நினைவுக்கு வந்ததால் கொடுக்கவில்லை. அவன் நடந்தே போனான்.

இனி நிலையத்தின் குறைகள்; இவற்றை அந்த மாமாவிடம் நேரிலும் சொல்லிவிட்டேன். பெரிய குறை கைப்பேசிதான். தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பையை 150 ரூபாய்க்கு அவர்களே நுழைவாயிலில் தொங்கவிட்டு விற்கிறார்கள். ஐந்து பையன்களும் ஆளுக்கொன்று வாங்கினார்கள். கடலில் வீடியோ எடுக்கப் பையை விற்றுவிட்டு, வீடியோ எடுப்பவன் ஒழுங்காக இருப்பான் என்று எதிர்பார்ப்பது வெல்லத்தைத் திறந்து வைத்துவிட்டு எறும்பைக் குறை சொல்வதுதான். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் கைப்பேசியைக் கரையில் வைத்துவிட்டுப் போகவேண்டும் என்று ஒரு விதி போடுங்கள் என்றேன். வியாபாரம் போய்விடும் என்று தயங்கினார். அந்தப் பெரியவரின் தயக்கத்துக்கு இளமையையும் காரணம் காட்ட முடியாது.

அடுத்து, பதினெட்டுக்குட்பட்டவர்களுக்காக உடன் வந்த பெரியவர் கையெழுத்திட வேண்டிய தாள். அச்சு மங்கி, நகலின் நகலாக இருந்தது. படிக்காமலேயே கையெழுத்திட்டேன், படிக்கச் சொல்லவும் இல்லை. வீட்டுக்கு வந்து நகலைப் படித்தபோது, பிள்ளைகள் விளைவிக்கும் சேதத்துக்கு நானே பொறுப்பு என்று நான்காவது வரியில் இருந்தது. அதை அந்தப் பிள்ளைகளுக்குக் கேட்கும்படி உரக்கப் படித்து, அவர்களையும் கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தால் பாதி வேலை கரையிலேயே முடிந்திருக்கும்.

இத்தனை கயாக்குகளுக்கு ஒரே வழிகாட்டி என்பதும் போதாது. அவர் தம்பதிக்கு உதவ முன்னே போன அந்த இரண்டு நிமிடத்தில்தான் எல்லாம் நடந்தது. லைஃப் ஜாக்கெட்டுகளில் ஒன்றில் கொக்கி உடைந்து கயிற்றால் கட்டியிருந்தது. சொன்னவுடன் மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் நான் சொல்லும்வரை அது கொடியில் மற்றவற்றோடுதான் தொங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் உடை மாற்றும் தட்டி மறைவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. தொலைபேசியை மூன்றாவது அழைப்பில்தான் எடுக்கிறார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு பிள்ளைகளை அங்கே அனுப்பலாமா என்றால், அனுப்பலாம் என்றே சொல்வேன். அவர்கள் பிரித்து அமர்த்தினால் வாயை மூடிக்கொண்டிருங்கள். காலை ஆறரை மணிச் சவாரியைக் கேளுங்கள். அக்டோபரிலிருந்து வாடைக்காலம் முடியும்வரை அங்கே போக வேண்டாம். அவர்களும் படகு தருவதில்லை. ஜாக்கெட்டின் கொக்கிகளை நீங்களே ஒருமுறை இழுத்துப் பாருங்கள். குழம்புக்கு முந்தின நாளே சொல்லிவிட வேண்டும்.

செப்டம்பர் இறுதியில் அந்த இளைஞர் என் அண்ணன் மகனின் வாட்சப்புக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். அந்த மிதவையை அறுத்துக் கரையில் குவித்திருந்தார்கள். பையன்கள் கட்டியதில் இரண்டு கயிறுகள் நன்றாக விளைந்திருந்தனவாம். ஒரு கயிற்றில் முடிச்சுகள் அவிழ்ந்து பாசி முழுவதும் போய்விட்டதாம். எந்தக் கயிறு யார் கட்டியது என்று அவர் எழுதவில்லை. இவன் கேட்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, அந்த ஒரு கயிற்றின் பாசி எத்தனை கிலோ இருந்திருக்கும், அதற்கு என்ன விலை என்று மட்டும் கேட்டு அனுப்பினான்.